சொல் விளக்கம்: பள்ளியா, மஸ்ஜிதா?

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் வெளியூரில் தங்கிப் படிப்பவர். விடுமுறைக்கு வந்தவர், ஸுபஹ் நேரத்தில் உம்மம்மா வழமைபோல், "பள்ளியில வாங்கு சொல்லிட்டாங்க, எழும்புங்க" என்று கூப்பிட்டதும், "பள்ளி என்று சொல்லக் கூடாது, அது பௌத்தர்களும் சமணர்களும் வைத்த பெயர், மஸ்ஜித் என்றே சொல்ல வேண்டும்" என்று திருத்தினாராம். அத்தோடு நிற்காமல், ஆங்கிலத்தில் 'மொஸ்க்' என்பதும் ஆகாது, ஸ்பெயினில் முஸ்லிம்களை நுளம்புகளாக நினைத்து வைத்த இழிபெயர் அது என்றும் விளக்கம் சொல்லியிருக்கிறார். எழுபது வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வந்த சொல்லைச் சொல்ல அந்த மூதாட்டி இப்போது கூசுகிறாராம். வாங்கு கேட்டதும் கையால் அந்தத் திசையைக் காட்டுவதோடு சரி. "நாங்கள் இவ்வளவு காலமும் சொல்லி வந்தது பாவமா?" என்று சகோதரி கேட்கிறார்.

பாவமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த உம்மம்மாவுக்கு உடனே வாசித்துக் காட்டலாம். ஆனால் அந்தப் பிள்ளையையும் நாம் ஏசிவிட முடியாது. மார்க்கத்தில் பற்று வந்த வயதில் எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிட வேண்டும் என்ற வேகம் வருவது இயல்பு. இந்த மூன்று சொற்களுக்கும் உரிய வரலாறு அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் மஸ்ஜித். 'ஸஜத' என்றால் சிரம் பணிந்தான். அதிலிருந்து பிறந்த இடப்பெயர் மஸ்ஜித், ஸுஜூது செய்யும் இடம். தொழுகையில் நிலையும் உண்டு, ருகூஉம் உண்டு, இருப்பும் உண்டு. இத்தனை இருக்க, கட்டடத்துக்குப் பெயர் ஸுஜூதிலிருந்துதான் வந்தது. அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸுஜூதில்தான் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதை நினைத்துப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும்.

அறபு இலக்கணக்காரர்கள் இதில் ஒரு நுட்பம் சொல்வார்கள். இலக்கண விதிப்படி பார்த்தால் அந்த இடப்பெயர் 'மஸ்ஜத்' என்று ஜீமுக்கு ஃபத்ஹ் வைத்து வர வேண்டும். 'மஸ்ஜித்' என்று கஸ்ர் வைத்து வந்தது விதிவிலக்கு. ஆகவே மஸ்ஜித் என்பது கட்டடத்தின் பெயர், மஸ்ஜத் என்பது நெற்றி படும் இடம் என்று பிரித்துச் சொன்னவர்கள் உண்டு. ஸுஜூதின் தழும்பு படும் நெற்றியையே மஸ்ஜத் என்று அகராதிகள் குறித்திருக்கின்றன. ஸூரத்துல் ஜின்னில் 18ஆம் வசனம், மஸ்ஜிதுகள் அல்லாஹ்வுக்கே உரியவை என்று கூறுகிறது. அங்கே 'மஸாஜித்' என்பது கட்டடங்களையல்ல, ஸுஜூதில் நிலத்தைத் தொடும் உறுப்புகளையே குறிக்கிறது என்று விளக்கிய முன்னோர்களும் இருக்கிறார்கள். நெற்றி, இரண்டு கைகள், இரண்டு முழங்கால்கள், இரண்டு பாதங்கள் என்று ஏழு. அடுப்படிக்குப் பக்கத்தில் முஸல்லா விரித்துத் தொழுகிற ஒரு தாய்க்கு இந்த விளக்கம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அடுத்தது, 'மஸ்ஜித்' என்ற சொல் நம்மோடு பிறந்ததல்ல. அறபுக்கு நெருங்கிய உறவுடைய அரமாயிக் மொழியில் 'மஸ்கிதா' என்ற வடிவம் இருந்தது. எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் வாழ்ந்த யூதக் குடியிருப்பின் ஏடுகளில், கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல் காணப்படுகிறது. வட அறேபியாவின் நபதேயர்கள் தங்கள் வழிபாட்டு நடுகற்களில் இதைப் பொறித்தார்கள். அதாவது சிலை வணங்கிகளும் பயன்படுத்திய சொல்தான் இது. அல்லாஹ் அந்தச் சொல்லை ஒதுக்கவில்லை. அதையே எடுத்து, தன்னை மட்டும் வணங்கும் இடத்துக்குப் பெயராக்கினான்.

அல்குர்ஆன் இந்தச் சொல்லை விரிவாகவே கையாளுகிறது. இஸ்ராப் பயணம் பற்றிய வசனத்தில் பைத்துல் முகத்தஸ் மஸ்ஜிதுல் அக்ஸா எனப்படுகிறது. குகைவாசிகள் மீது ஒரு மஸ்ஜிதை எழுப்புவோம் என்று அக்காலத்தவர் பேசிக் கொண்டதை ஸூரத்துல் கஹ்ஃப் சொல்கிறது. அவர்களெல்லாம் ரஸூலுல்லாஹ்வின் காலத்துக்கு மிக முந்தியவர்கள். ஸூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனத்திலோ ஸவாமிஉ, பியஉ, ஸலவாத், மஸாஜித் என்று நான்கு பெயர்கள் ஒரே வரிசையில் வருகின்றன. துறவிகளின் மடங்கள், கிறிஸ்தவர்களின் ஆலயங்கள், யூதர்களின் தொழுமிடங்கள், பிறகு மஸ்ஜிதுகள் என்று முஃபஸ்ஸிர்கள் பொருள் சொல்வார்கள். மனிதர்களில் சிலரைக் கொண்டு சிலரை அல்லாஹ் தடுத்திராவிட்டால் இவையெல்லாம் இடிக்கப்பட்டிருக்கும் என்பது வசனத்தின் கருத்து. மஸ்ஜித் அங்கே நான்காவதாகத்தான் வருகிறது.

இனி அந்த நுளம்புக் கதைக்கு வருவோம்.

கதை இப்படிப் போகும். 1492இல் பெர்டினாண்டும் இஸபெல்லாவும் கிரானடாவைப் பிடித்தபோது, முஸ்லிம்களின் தொழுமிடங்களை நுளம்பு நசுக்குவதுபோல் நசுக்குவோம் என்றார்களாம். 'மொஸ்கிட்டோ' என்ற நுளம்பின் பெயரிலிருந்தே 'மொஸ்க்' பிறந்ததாம். இதை நானும் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். பிரசங்க மேடைகளிலும் கேட்டதுண்டு. கேட்கும்போது இரத்தம் கொதிக்கும்படியான கதை. ஆனால் உண்மையில்லை.

அறபு ஜீமை எகிப்தியர்கள் இன்றும் 'க' என்று அழுத்தி உச்சரிப்பார்கள். அவர்கள் வாயில் 'மஸ்கித்' என்றே வரும். இத்தகைய உச்சரிப்பின் வழியாகவே ஸ்பானிய மொழியில் 'மெஸ்கீத்தா' உருவானது. இத்தாலியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போய்த் தேய்ந்து, 'மொஸ்கே' என்றாகி, ஆங்கிலத்தில் 'மொஸ்க்' ஆயிற்று. நுளம்பின் பெயரோ வேறு குடும்பம். லத்தீனில் ஈக்கு 'முஸ்கா', ஸ்பானியத்தில் 'மொஸ்கா', அதைச் சிறிதாக்கிச் சொன்னால் 'மொஸ்கீத்தோ', குட்டி ஈ. இரண்டும் காதுக்கு ஒத்துப் போகின்றன என்பதைத் தவிர வேறு உறவில்லை.

காலக் கணக்கும் இடிக்கிறது. காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'ஸியேத்தே பார்த்தீதாஸ்' என்ற சட்டநூல், முஸ்லிம்களின் தொழுமிடங்களைப் பற்றி விதிகள் சொல்லும்போது மெஸ்கீத்தா என்ற சொல்லையே எழுதுகிறது. அது கிரானடா வீழ்வதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. ஆங்கிலத்தை எடுத்தாலும், நுளம்பின் பெயர் அம்மொழிக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். மொஸ்க் என்பதன் பழைய வடிவங்கள் அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே ஆங்கில எழுத்தில் இருந்தன. பிள்ளை பெற்ற பின்பு தாய் பிறக்க முடியாதல்லவா?

இதில் இன்னொரு வேதனையான வேடிக்கை உண்டு. கொர்தோபாவில் முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் தொடக்கி வைத்த பெரும் மஸ்ஜித் 1236இல் கிறிஸ்தவ ஆலயமாக்கப்பட்டது. இன்றும் அது ஆலயம்தான். முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதியில்லை. ஆனால் அந்நகரத்து மக்கள் இந்த நாள்வரை அதை 'மெஸ்கீத்தா' என்றே சொல்கிறார்கள். 2010இல் அங்குள்ள ஆயர், வழிகாட்டிப் பலகைகளில் அந்தப் பெயர் வேண்டாம், ஆலயம் என்று மட்டும் இருக்கட்டும் என்று பத்திரிகையில் எழுதினார். கட்டியவர்களின் நினைவைத் தாங்கி நிற்கும் கடைசிச் சொல் அது. அதை எடுத்துவிட அவர்கள் விரும்புவது புரிகிறது. நமது பிள்ளைகள் ஏன் அதை நுளம்போடு சேர்த்து வீச வேண்டும்?

1505இல் போர்த்துக்கீசர் நமது கரைக்கு வந்தபோதும் இந்தச் சொல் அவர்களோடு வந்தது. அவர்கள் மொழியில் 'மெஸ்கீத்தா'தான். தங்கள் தேசத்தில் கண்ட வட ஆபிரிக்க முஸ்லிம்களை 'மோரோ' என்று அழைத்துப் பழகிய அதே வாயால் நமது முன்னோரையும் அப்படி அழைத்தார்கள். நமது பிறப்புச் சான்றிதழ்களில் 'மூர்' என்று இருப்பது அதனால்தான். ஒரு கப்பலில் வந்த இரண்டு சொற்கள். ஒன்றைச் சான்றிதழில் வைத்துக்கொண்டு மற்றதற்குக் கோபிக்கிறோம்.

சரி, இப்போது பள்ளி.

அந்தப் பிள்ளை சொன்னதில் பாதி உண்மை. பள்ளி மிகப் பழைய தமிழ்ச் சொல். படுக்குமிடம், உறைவிடம் என்பது அதன் பொருள்களில் ஒன்று. பள்ளியறை, பள்ளி கொள்ளுதல் என்று இன்றும் வழங்குகிறது. துறவிகள் தங்கிய இடம் பள்ளியானது. மதுரைக்கருகே மாங்குளத்துக் குகைகளில் 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழ் பிராமி எழுத்துகளில் சமணத் துறவியரின் உறைவிடம் இச்சொல்லால் குறிக்கப்படுகிறது. அந்தத் துறவிகள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால்தான் கல்விக்கூடமும் பள்ளிக்கூடமானது என்பார்கள். ஊர்ப் பெயர்களிலும் அது ஒட்டிக்கொண்டது, திருச்சிராப்பள்ளி போல.

வெளியே போக வேண்டியதில்லை. திருகோணமலைக்கு அண்மையில் வெல்கம் விகாரை என்ற பௌத்த விகாரை இருக்கிறது. சோழர் இந்நாட்டை ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் அதற்கு 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் அப்பெயர் இருக்கிறது. ஆக, இலங்கை மண்ணில் 'பெரிய பள்ளி' என்று பெயர் பெற்ற ஒரு பழைய கட்டடம் பௌத்தர்களுடையது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கேரளத்துக் கொல்லத்தில் 849ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் செப்பேடுகள் கிடைத்தன. அவை ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு வழங்கப்பட்ட உரிமைகளைச் சொல்கின்றன. அந்த ஆலயத்தின் பெயர் 'தரிஸாப்பள்ளி'. அந்தச் செப்பேட்டில் சாட்சிக் கையொப்பமிட்டவர்களில் சிலர் கூஃபி அறபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். வேறு சிலர் பழைய பாரசீகத்திலும், எபிரேய எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, முஸ்லிம் வணிகர்கள் உட்காரும் சபையிலே கிறிஸ்தவரின் ஆலயம் 'பள்ளி' என்று வாசிக்கப்பட்டது, அவர்கள் அதற்குச் சாட்சியொப்பம் வைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே மிக அழகான காட்சி அதுதான்.

கேரளத்தில் இன்றைக்கும் பள்ளி என்றால் கிறிஸ்தவ ஆலயம், பள்ளி என்றால் முஸ்லிம்களின் மஸ்ஜித், யூதர்களின் தொழுமிடமும் 'ஜூதப் பள்ளி'. தமிழகத்தில் திருப்புல்லாணியில் உள்ள பாண்டியர் காலத்து 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் சோனகரின் தொழுமிடத்தைப் பள்ளி என்றே சொல்கிறது. சிங்கள மக்களும் 'பல்லிய' என்று ஆலயத்தையும் மஸ்ஜிதையும் ஒருங்கே அழைக்கிறார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அழ்ஃபர் மஸ்ஜிதைச் சிங்களவர் 'ரத்து பல்லிய' என்பார்கள், சிவப்புப் பள்ளி. நம்மவர்கள் 'சம்மாங்கோட்டுப் பள்ளி' என்பார்கள். பலகையில் உள்ள அறபுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் முச்சக்கர வண்டிக்காரருக்கு விளங்குமோ என்னவோ, இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

ஆக, பள்ளி என்பது எந்த மதத்துக்கும் எழுதிக் கொடுத்த சொல்லல்ல. தமிழ்நிலத்தில் கோயில் என்ற சொல் ஒரு பக்கம் நிலைத்தபோது, உருவம் வைத்துப் பூசை செய்யாத இடத்தைக் குறிக்க நமது முன்னோருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. பள்ளி கைக்கு அருகில் இருந்தது. ஓதுவதும் படிப்பதும் அதன் பொருளில் ஏற்கெனவே இருந்ததால் அது நமக்கு இன்னும் பொருந்திப்போனது. நமது பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகும் இடமும் 'ஓதப் பள்ளி'தானே. 1892இல் மருதானைப் பள்ளிவாசலின் அருகிலேயே ஸாஹிறாக் கல்லூரி தொடங்கியதை நினைக்கும்போதெல்லாம், பள்ளியும் பள்ளிக்கூடமும் ஒரே மதிலுக்குள் வந்துவிட்டன என்று தோன்றும்.

'வாசல்' ஏன் சேர்ந்தது? வாய், இல் என்ற இரண்டும் சேர்ந்து வாயில். அதுவே வாசல். நம்மில் பலர் பள்ளிவாயல் என்று எழுதுவதும் அதனால்தான். இரண்டும் சரியே. அரசனைச் சொல்லாமல் அரண்மனை வாசல் என்று மரியாதையாகச் சொல்வது பழைய வழக்கம். துருக்கியின் உஸ்மானிய ஆட்சியையே உலகம் 'உயர்ந்த வாசல்' என்று அழைத்த காலமுண்டு. உள்ளே இருப்பதன் பெருமையை வாசலின் மேல் ஏற்றிச் சொல்லும் முறை இது என்றே நான் கொள்கிறேன்.

இனி அந்தப் பிள்ளையிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். பள்ளி பிறர் வைத்த சொல் என்பதால் விட வேண்டுமானால், 'தொழுகை'யை என்ன செய்வது? தமிழர் தொழாத தெய்வமா? 'நோன்பு' சமணர் நோற்றது. 'பெருநாள்' தமிழ். 'இறைவன்' என்ற சொல் மன்னனையும் குறித்தது. உம்மம்மா சொன்ன 'வாங்கு' பாரசீகம், அழைக்கும் ஓசை என்று பொருள். அந்தப் பாரசீகர்களும் ஸலாத்தை நமாஸ் என்றார்கள், ஸவ்மை ரோஸா என்றார்கள், அந்தப் பெயர்களில்தான் அவர்களுடைய பெரும் இமாம்களின் தாய்மாரும் தொழுதார்கள், நோன்பு பிடித்தார்கள். இவற்றையெல்லாம் களைந்துவிட்டுப் பார்த்தால், நமது பாட்டிமார் மார்க்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு வாயில் சொல்லே மிஞ்சாது. அவர்கள் மௌனமாகிப் போவார்கள். மேலே சொன்ன வீட்டில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது.

சொல் வெறும் சொல்தானே என்று தோன்றலாம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் இருந்தவர்கள் மீது துப்பாக்கி திருப்பப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள், சிறுவர்களும் அதில் அடக்கம். அந்த ஊர்த் தாய்மார் இன்றும் அதைப் 'பள்ளியில நடந்தது' என்றே சொல்வார்கள். வேறெதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சகோதரிகள் புத்தளத்து அகதி முகாம்களில் 'எங்கட பள்ளி' என்று பேசியது, பூட்டிக் கிடந்த, கூரை விழுந்த அந்தக் கட்டடங்களைப் பற்றித்தான். அவர்களிடம் போய் அந்தச் சொல் தவறு என்று யார் சொல்வது?

முகாமில் கிடுகு வேய்ந்த கொட்டிலில் தொழுதவர்களைப் பார்த்து, இதெல்லாம் பள்ளியா என்று எவரும் கேட்கவில்லை. மதீனாவில் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் மஸ்ஜிதும் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையுமாகத்தான் இருந்தது. ஒரு றமழானின் 21ஆம் இரவு மழை பெய்து கூரை ஒழுகியது. ஸுபஹ் தொழுது திரும்பியபோது அவர்களது நெற்றியில் ஈர மண் ஒட்டியிருந்ததை அபூஸயீத் அல்குத்ரி (ரழி) அவர்கள் தம் கண்ணால் கண்டதாகப் புகாரியில் வருகிறது. முன்னே சொன்ன 'மஸ்ஜத்' என்ற சொல்லை இங்கே நினைத்துக் கொள்ளுங்கள்.

அப்படியானால் பெயரில் கவனிக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பலகையில் எழுதும் பெயரல்ல, இடத்தின் நிலை. நமது சகோதரிகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் பேச்சில் தொழுகிற இடம் எல்லாவற்றையும் பள்ளி என்கிறோம். ஜும்ஆப் பள்ளியும் பள்ளி, தக்கியாவும் பள்ளி, ஸாவியாவும் பள்ளி, பெண்கள் தராவீஹ் தொழும் வீடும் சில ஊர்களில் பள்ளி. பேச்சுக்கு அது போதும். சட்டத்துக்குப் போதாது. மஸ்ஜித் என்று வக்பு செய்யப்பட்ட இடத்துக்கு மட்டுமே மஸ்ஜிதின் சட்டங்கள் உண்டு. தொழுகைக்காக ஒதுக்கி வைத்த அறைக்கும், மத்ரஸா மண்டபத்துக்கும், பெருநாள் திடலுக்கும் அவை இல்லை. உள்ளே நுழைந்ததும் தஹிய்யத்துல் மஸ்ஜித் தொழுவது மஸ்ஜிதுக்குரியது. மாதவிடாயுள்ள பெண் தங்கியிருக்கக் கூடாது என்று நமது ஷாபிஈ மத்ஹபில் சொல்லப்படுவதும் மஸ்ஜிதைப் பற்றித்தான். அசுத்தம் படாது என்றிருந்தால் கடந்து போவதற்கு அங்கும் தடையில்லை.

பல ஊர்களில் பள்ளியின் மேல்மாடியிலோ பக்கத்து மண்டபத்திலோ பெண்களுக்கு வாராந்த பயான் நடக்கிறது. சில சகோதரிகள் மாதத்தில் ஒரு வாரம் சங்கடப்பட்டு வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். காரணம் சொல்லவும் வெட்கம். அந்த மண்டபம் மஸ்ஜிதாக வக்பு செய்யப்பட்டதா, அல்லது பொதுத் தேவைக்கென்று கட்டப்பட்டதா என்று நம்பிக்கையாளர் சபையிடம் வீட்டு ஆண்கள் மூலம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். வக்பு உறுதியில் விவரம் இருக்கும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பள்ளிகள் பதியப்படுவதால் இதைக் கேட்பது முறைகேடான கேள்வியல்ல. பொதுமண்டபம் என்றால் தாராளமாகப் போய் உட்காரலாம். ஒரு சொல்லைப் பிரித்தறியாததால் எத்தனை பெண்களுக்கு எத்தனை வகுப்புகள் தவறிப்போயிருக்கும்!

இஃதிகாபும் அப்படியே. வீட்டில் தொழுகைக்கென்று வைத்த இடத்திலே பெண் இஃதிகாப் இருக்கலாம் என்பது ஹனபி மத்ஹப். ஷாபிஈ மத்ஹபின் உறுதியான கருத்துப்படி அது மஸ்ஜிதில்தான் நிறைவேறும். இந்திய முஸ்லிம் குடும்பங்களில் மணமுடித்துப் போன பெண்கள் இந்த வேறுபாட்டைக் கண்டு குழம்புவதுண்டு. இரண்டுக்கும் இமாம்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் தொழுமிடம் வைப்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இத்பான் இப்னு மாலிக் (ரழி) அவர்களுக்குக் கண் பார்வை குறைந்தது. மழைக் காலத்தில் பள்ளத்தாக்கில் நீர் பெருகினால் தம் கூட்டத்தாரின் மஸ்ஜிதுக்குப் போக முடியவில்லை. தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுது தந்தால் அதையே தொழுமிடமாக்கிக் கொள்வேன் என்று வேண்டினார்கள். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரழி) அவர்களோடு வெயில் ஏறிய நேரத்தில் போனார்கள். உட்காருவதற்கு முன்பே, எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே இரண்டு ரக்அத் தொழுதார்கள். வீட்டின் ஒரு மூலைதான். அதற்குப் பெயர்ப்பலகை எதுவும் இருந்ததாகச் செய்தியில்லை.

வீடு சிறந்தது என்பதால் பள்ளியின் வாசல் பெண்ணுக்கு அடைபட்டதும் அல்ல. உமர் (ரழி) அவர்களின் மனைவி ஸுபஹுக்கும் இஷாவுக்கும் மஸ்ஜிதுக்குப் போவார்கள். கணவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது என்று தெரிந்தே போவார்கள். பிடிக்காவிட்டால் அவர் ஏன் தடுக்கவில்லை என்று மனைவி கேட்டார்கள். அல்லாஹ்வின் அடியாள்களை அல்லாஹ்வின் மஸ்ஜிதுகளை விட்டும் தடுக்க வேண்டாம் என்ற நபிமொழிதான் அவரைத் தடுக்கிறது என்று பதில் வந்தது. புகாரியில் உள்ள செய்தி இது. உமரையே கையைக் கட்டி நிறுத்திய சொல்!

மதீனா மஸ்ஜிதின் ஒரு வாசலைப் பெண்களுக்கென்று விட்டுவிட்டால் என்ன என்ற யோசனை அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அதை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் சொல்லாக ஓர் அறிவிப்பும், உமர் (ரழி) அவர்களின் சொல்லாக மற்றோர் அறிவிப்பும் கூறுகின்றன. அதன் பிறகு இப்னு உமர் (ரழி) அவர்கள் மௌத்தாகும்வரை அந்த வாசலால் நுழையவேயில்லை. ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய்வந்த சகோதரிகள் மஸ்ஜிதுந் நபவியின் கிழக்குப் பக்கத்தில் 'பாபுந் நிஸா' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் சொன்னால், பெண்கள் வாசல்.

தக்கியா, ஸாவியா என்ற இரண்டு சொற்களைப் பற்றியும், காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருப்பதைப் பற்றியும் கேட்டிருந்தவர்களுக்கு அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.